மேடை கண்ட முகங்கள் – 7: நந்தனாராக நின்ற சுந்தராம்பாள்

கோவலன் கூத்தில் கண்ணகிக்கு ஆடிய ஆண்களைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். முல்லைத்தீவுப் பக்கத்துக் களரிகளில் அவர்கள் சேலை உடுத்தி, கொண்டை முடிந்து, விடிய விடிய ஆடியதைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பெண் வேடம் கட்டிய ஆணை ஊருக்குத் தெரியும். ஆண் வேடம் கட்டிய பெண்? அதற்கு விடை தேடினால், நமது வட்டக்களரியை விட்டுக் கடல் கடந்து வந்த கொட்டகை நாடகத்துக்குப் போகவேண்டியிருக்கிறது. அங்கே என் கண்ணில் முதலில் படுபவர் கே. பி. சுந்தராம்பாள்.

1908இல் கொடுமுடியில் பிறந்தவர். சிறுவயதிலேயே தகப்பனை இழந்து, ரயிலில் பாடிக் காசு கேட்ட பிள்ளை. அந்தக் குரல்தான் அவரை வேலு நாயரின் நாடகக் கம்பெனியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே கிடைத்த முதல் வேடமே ஆண் வேடம். நல்லதங்காளின் மூத்த மகனாக, பசியில் தாயிடம் சோறு கேட்டு அழும் சிறுவனாக அவர் மேடையேறினார். பாலபார்ட் என்பார்கள். அந்த அழுகையை அவருக்கு எந்த வாத்தியாரும் சொல்லிக்கொடுத்திருக்கத் தேவையில்லை.

அவருடைய வாழ்க்கை திரும்பியது நமது நாட்டில். 1926இல் கொழும்பில் நாடகமாட வந்திருந்த இடத்தில் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார். அது ஸ்பெஷல் நாடகக் காலம். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து, ஒத்திகை எதுவும் இல்லாமல் நேரே மேடையில் மோதிக்கொள்வார்கள். ஒருவர் பாட்டிலே கேட்டால் மற்றவர் பாட்டிலே மடக்கவேண்டும். ஒலிபெருக்கி இல்லை. பின்வரிசையில் பாய் விரித்துக் கிடப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்டாகவேண்டும். ஆர்மோனியக்காரர் இருவருக்கும் சேர்த்து ஒரே சுருதி வைத்தால் ஒரு குரல் கீழே அமுங்கும், அல்லது மற்றது மேலே கிழியும். கிட்டப்பாவோ பெண்களின் சுருதியில் பாடக்கூடிய அபூர்வமான ஆண். அவருக்குச் சற்றும் சளைக்காதவர் சுந்தராம்பாள். இந்த இணை எடுபட்டதற்குக் காதலைக் காரணமாகச் சொல்வார்கள். எனக்கென்னவோ சுருதிதான் முதல் காரணம் என்று தோன்றுகிறது.

1927இல் திருமணம். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தார். இருபத்தைந்து வயதில் சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை உடுத்தினார், நகைகளைக் கழற்றினார், இனி எந்த ஆணோடும் சோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று உறுதி எடுத்தார். நாடகத்தை நம்பி வாழ்ந்த ஒரு பெண் இப்படிச் சொன்னால் என்ன மிஞ்சும்? அவர் ஸ்திரீபார்ட். எதிரே ராஜபார்ட் இல்லாமல் ஸ்திரீபார்ட்டுக்கு வேலையே இல்லை. பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் நிறைந்த நம் வன்னியில் இதை அதிகம் விளக்கவேண்டியதில்லை. புருஷனை இழந்தவள் நாலு பேர் முன்னால் வந்து நிற்பதற்கு எத்தனை வாய்களைக் கடக்கவேண்டும் என்று இங்குள்ள பெண்களுக்குத் தெரியும்.

அந்த நேரத்தில்தான் ‘பக்த நந்தனார்’ பட வாய்ப்பு வந்தது. தயாரிப்பாளர் ஹசன்தாஸ் கேட்டபோது, ஆளைத் திருப்பி அனுப்பினால் போதும் என்று ஒரு இலட்சம் ரூபா கேட்டாராம். ஹசன்தாஸ் சம்மதித்துவிட்டார்! அந்நாளில் தென்னிந்திய நடிகர் எவரும் காணாத தொகை அது. ஆனால் பணத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேடம். நந்தனார் ஆண், அதுவும் சோடி தேவைப்படாத ஆண். சிதம்பரத்தைத் தவிர வேறெதையும் ஆசைப்படாத பண்ணையாள். அந்த வேடத்தைக் கட்டினால் விரதம் முறியாது, பாட்டும் நிற்காது. அடைபட்ட வாசலை அவருக்கு ஆண் வேடமே திறந்துவிட்டது.

படம் 1935இல் வெளிவந்தது. கோபாலகிருஷ்ண பாரதியின் சரித்திரத்தில் வருகிற பண்ணைக்கார வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். நந்தனின் பக்தியை அறிந்த வேதியர் அவர் காலில் விழும் கட்டம் ஒன்று உண்டு. தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்டவனின் பாதம். அந்த வேடத்தில் நிற்பவர் ஒரு பெண். விழுகிறவர் பிராமண வித்துவான். வைதிகர்கள் முகம் சுளித்தார்கள். நம் ஊர்களிலும் எந்தச் சாதி எந்த வாசலுக்குள் வரலாம் என்று கோயில்கள் தீர்மானித்துக்கொண்டிருந்த காலம் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஒரு கட்டத்தின் கனம் புரியும்.

படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. ஆனந்த விகடனில் கல்கி கடுமையாகவே விமர்சித்தார். அதே கல்கி 1941இல் சொந்தப் பத்திரிகை தொடங்கியபோது அதற்கு முதல் தந்தது இன்னொரு பெண்ணின் ஆண் வேடம். ‘சாவித்திரி’ படத்தில் எம். எஸ். சுப்புலட்சுமி நாரதராக நடித்துப் பெற்ற ஊதியத்தில்தான் அந்த இதழ் பிறந்தது.

இங்கிலாந்தின் மியூசிக் ஹால் அரங்குகளில் ஆண் வேடம் கட்டுவதைத் தொழிலாகவே செய்த பெண்கள் இருந்தார்கள். 1864இல் பிறந்த வெஸ்டா டில்லி சிறுமியாக இருந்தபோதே கோட்டும் தொப்பியும் மாட்டியவர்; 1920இல்தான் மேடையை விட்டு இறங்கினார். இலண்டன் மைனர்களின் மிடுக்கை அவர் அச்சாகப் பிடித்துக் காட்ட, சனம் சிரித்தது. முதலாம் உலகப் போரில் சிப்பாய் உடையில் பாடிப் பட்டாளத்துக்கு ஆள் சேர்த்தார். சுந்தராம்பாளின் வழி வேறு. நந்தனாரைப் பார்த்து யாரும் சிரிக்கக்கூடாது, கும்பிடவேண்டும். ஆண் நடையை அச்சாகக் காட்டி அந்தக் கும்பிடை வாங்கமுடியாது. அதை அவர் குரலால்தான் வாங்கவேண்டியிருந்தது.

பிறகு 1953இல் ஔவையார். சென்னை மேலவை உறுப்பினர் பதவியும் வகித்தார். 1980இல் காலமானார். சோடி சேர்வதில்லை என்ற சொல்லைக் கடைசிவரை காத்தார்.

படமும் இசைத்தட்டும் இருந்ததால் அவருடைய கதை நமக்குக் கிடைத்தது. தமிழ்த் தினப் போட்டிகளில் அரிச்சந்திரனாகவும் பண்டாரவன்னியனாகவும் மீசை வரைந்து, முடி தரித்து நின்ற எங்கள் பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. இருந்த படங்களும் இடப்பெயர்வுகளில் போய்விட்டன. யாருடைய அலமாரியிலாவது அப்படி ஒரு படம் தப்பியிருந்தால், அதன் பின்புறத்தில் பிள்ளையின் பெயரையும் கூத்தின் பெயரையும் ஆண்டையும் இன்றே எழுதிவையுங்கள். பழக்கிய அண்ணாவியாரின் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள்.

(தொடரும்)