நெஞ்சு படபடக்கும்போது: மனப்பதற்றமும் நம் பாரம்பரியப் பழக்கங்களும்

இரவு இரண்டு மணிக்குத் திடீரென்று விழிப்பு வருகிறது. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது. சற்று நேரத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. காலையில் பிள்ளைகள் கேட்டால், "ஒன்றுமில்லை, வாயுதான்" என்று சொல்லிவிடுகிறோம்.

உங்களுக்கும் இப்படி நேர்ந்திருக்கலாம். அது வாயுவாக இருக்கலாம், மனப்பதற்றமாக இருக்கலாம், இதயக் கோளாறாகவும் இருக்கலாம். எது என்று நாமே முடிவுசெய்வதில்தான் ஆபத்து இருக்கிறது. நம் பாரம்பரியப் பழக்கங்களில் எவை உதவும், எங்கே கவனம் தேவை, எப்போது மருத்துவரிடம் போக வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

உடலில் என்ன நடக்கிறது?

ஆபத்து வருகிறது என்று மூளை நினைத்தால் உடலில் அட்ரினலின் சுரக்கிறது. உடனே இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் தடைப்படுகிறது. மூச்சு வேகமாகும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. தலை கிறுகிறுப்பதும் விரல்கள் மரத்துப்போவதும் அதனால்தான். ஆகவே, மனப்பதற்றத்தில் வரும் உடல் தொல்லைகள் கற்பனை அல்ல.

துணையை இழந்த துக்கம், தனியாக வாழ்வது, ஒருமுறை விழுந்தபின் வரும் பயம், நாள்பட்ட நோய் ஆகியவை மூத்த வயதில் பதற்றத்தைத் தூண்டலாம். இது பலவீனமோ பக்திக் குறைவோ அல்ல.

முதலில் பரிசோதனை

நெஞ்சில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை இருந்தால் 995 எண்ணை உடனே அழையுங்கள். ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் கடுமையான வலி இல்லாமலேயே மாரடைப்பு வரலாம்.

தைராய்டு மிகைச் சுரப்பு, இரத்தசோகை, சீரற்ற இதயத் துடிப்பு ஆகியவையும் பதற்றம் போலவே தோன்றும். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களுக்கு இரத்தச் சர்க்கரை குறைந்தாலும் நடுக்கமும் படபடப்பும் வரும். புரட்டாசிச் சனிக்கிழமையோ ஏகாதசியோ விரதம் இருக்கும் நாளில் அப்படி நேர்ந்தால், சர்க்கரை அளவைச் சோதியுங்கள். குறைவாக இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். சோதிக்கும் கருவி கைவசம் இல்லையென்றாலும் சீனித் தண்ணீரைக் குடித்துவிடுங்கள். அடுத்த விரதத்திற்கு முன் மருந்தின் அளவு பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆயுர்வேதம் சொல்லும் தினசரி ஒழுங்கு

அஷ்டாங்க ஹிருதயம் என்னும் ஆயுர்வேத நூலின் இரண்டாம் அத்தியாயம் அன்றாட ஒழுக்கத்தைப் பற்றியது. மனக்கலக்கத்தையும் தூக்கமின்மையையும் ஆயுர்வேதம் வாத மிகுதியோடு சேர்த்துப் பார்க்கிறது. ஒழுங்கான நேரம், வெதுவெதுப்பு, எண்ணெய், ஓய்வு ஆகியவற்றை அதற்குப் பரிந்துரைக்கிறது. இவற்றில் பலவற்றை நீங்கள் வீட்டிலேயே செய்யலாம்.

நேரம்: தினமும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே நேரத்தில் படுங்கள். பகல் தூக்கம் அரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம்.

மூச்சு: முதுகு நிமிர்ந்து நாற்காலியில் அமருங்கள். மனத்திற்குள் நான்கு எண்ணும்வரை மூக்கால் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். மூச்சை விடும் நேரம் நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது. இரத்த அழுத்தமோ இதய, நுரையீரல் நோயோ உள்ளவர்கள் மூச்சை அடக்கிப் பிடிக்கும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும்.

உணவு: இரவு உணவை நேரத்தோடு, மிதமாகச் சாப்பிடுங்கள். மதியத்திற்குப் பிறகு தே தாரிக், கோப்பி வேண்டாம். இவற்றில் உள்ள கஃபீன் படபடப்பைக் கூட்டும், தூக்கத்தைக் கெடுக்கும்.

நடை: தேக்கா சந்தைக்கோ கோவிலுக்கோ போகும்போது, முடிந்தால் ஒரு பேருந்து நிறுத்தம் முன்னதாக இறங்கி நடங்கள். தெரிந்தவர் ஒருவரோடு பேசிக்கொண்டே நடப்பது இன்னும் நல்லது.

எண்ணெய்: வெதுவெதுப்பான நல்லெண்ணெயைக் கைகால்களில் தேய்ப்பது உடலின் இறுக்கத்தைத் தளர்த்தும். அது மட்டுமே பதற்றத்தைக் குணப்படுத்திவிடாது. பாதத்தில் எண்ணெயோடு ஈரத் தரையில் நடந்தால் வழுக்கி விழலாம். அதனால் உட்கார்ந்தபடி தேய்த்து, பாதங்களை நன்றாகத் துடைத்த பிறகு எழுந்திருங்கள். வீவக வீடுகளில் ஈஸ் திட்டத்தின்கீழ் குளியலறைக் கைப்பிடிகளையும் வழுக்காத தரைப்பூச்சையும் அமைத்துக்கொள்ளலாம்.

சூரணமும் லேகியமும்

மூலிகை என்பதால் பக்க விளைவு இருக்காது என்று நினைக்க வேண்டாம். அமுக்கரா என்னும் அசுவகந்தா, தைராய்டு, நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளின் விளைவை மாற்றலாம். தூக்க மாத்திரையோடு சேர்த்தால் மயக்கம் கூடும். அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் ஏற்பட்டிருக்கிறது. அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறலாம்.

சில பஸ்பங்களும் செந்தூரங்களும் உலோகங்களைச் சேர்த்தே செய்யப்படுபவை. அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளை ஆய்வாளர்கள் சோதித்து, 2004ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றில் 14 மருந்துகளில் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்தது. சிங்கப்பூரிலும் சுகாதார அறிவியல் ஆணையம் இத்தகைய பொருள்களைப் பற்றி எச்சரித்திருக்கிறது. முத்திரைச் சீட்டு இல்லாத பொட்டலத்தையும், ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த மாத்திரையையும் சாப்பிட வேண்டாம்.

மிக முக்கியமாக, மருத்துவர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு வேறொன்றுக்கு மாறாதீர்கள். சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் பதற்றம் முன்பைவிடக் கடுமையாகத் திரும்பும்.

மருத்துவரிடம் எப்படிச் சொல்வது?

"வாயு", "மனசு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் மருத்துவருக்குப் போதிய விவரம் கிடைக்காது. இந்த நான்கையும் சொல்லுங்கள்:

1. உடலில் என்ன தெரிகிறது: படபடப்பா, நடுக்கமா, கிறுகிறுப்பா?
2. எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது?
3. அந்த நேரத்தில் மனத்தில் என்ன ஓடுகிறது? பயமாக இருந்தால், "பயமாக இருக்கிறது" என்றே சொல்லுங்கள்.
4. என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள்? சூரணம், லேகியம், தைலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். யாரும் உங்களைக் குறைசொல்லப் போவதில்லை.

ஆங்கிலத்தில் விளக்கச் சிரமமாக இருந்தால், தமிழ் பேசும் உறவினரையோ நண்பரையோ அழைத்துச் செல்லுங்கள்.

உதவி எங்கே கிடைக்கும்?

மனநலச் சிகிச்சை என்றதும் பழைய உட்பிரிட்ஜ் மருத்துவமனை நினைவுக்கு வந்து சிலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை. உங்கள் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ தொடங்கலாம். பலருக்கு மன ஆலோசனையே நல்ல பலன் தரும். சிலருக்கு மருந்தும் தேவைப்படும். பகலில் தனியாக இருப்பவர்கள், வீட்டுக்கு அருகிலுள்ள துடிப்பான மூப்படைதல் நிலையத்தில் உடற்பயிற்சிக்கும் பேச்சுத் துணைக்கும் போகலாம்.

மனம் கலங்கி யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால், 24 மணி நேரமும் 1771 எண்ணை அழைக்கலாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தை 1767 எண்ணில் அழையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 995.

அடுத்த முறை நள்ளிரவில் நெஞ்சு படபடத்து விழித்தால், மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் உண்டா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் எழுந்து அமர்ந்து மூச்சை மெதுவாக விடுங்கள். காலையில் பிள்ளைகள் கேட்டால், நடந்ததை அப்படியே சொல்லுங்கள். பிறகு மருத்துவரைப் பார்க்க நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.