முதுமைத் துயிலும் மறதிநோய்த் துயிலும்: ரமணாசிரமப் பகுதியை முன்வைத்து

திருவண்ணாமலை ரமணாசிரமப் பகுதியில் வைகறை விழிப்பு ஓர் ஒழுக்கமாகவே மதிக்கப்படுகிறது. ஆகவே முதியவர் மூன்று மணிக்கு எழுந்தால் எவரும் ஐயுறார்; பெரும்பாலும் ஐயுற வேண்டியதும் இல்லை. வயது ஏற ஆழ்துயில் குறைகிறது. உடலின் நாட்கடிகாரம் முன்நகர்வதால் அந்தியிலேயே உறக்கம் வந்து விடியுமுன் கலைகிறது.

மறதிநோயில் நிகழ்வது வேறு. அல்சைமர் நோய் அக்கடிகாரத்தை இயக்கும் நரம்பணுக்களையே சிதைக்கிறது: பகலில் அயர்வு, மாலையில் கலக்கம், நள்ளிரவில் வீட்டைவிட்டு வெளியேறல். லூயி உடல் வகையிலோ, கனவுக்கேற்பக் கைகால் வீசும் கோளாறு நினைவு குன்றுவதற்குப் பல்லாண்டு முன்னரே தோன்றக்கூடும். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுதும் கூட்டம் நடக்கையில், வழிதவறிய நோயர் ஒருவர் அடியாராகவே தோன்றுவார்.

இரண்டையும் பிரித்தறியாமல் தூக்கமாத்திரை தருவது தீங்கு. முன்னவருக்கு அது தேவையற்றது, பின்னவருக்குக் குழப்பத்தையும் தடுக்கி விழுதலையும் மிகச்செய்யும். காலை வெயிலில் அமர்த்துவதும் பகலுறக்கத்தைச் சுருக்குவதுமே முதலில் செய்யத்தக்கவை.