வியங்கோளும் 'இஃப் ஐ வேர்' என்பதும்

பௌதிகம் படிப்பவனுக்கு இலக்கணத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். கட்கியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மூவருக்கு ஞாயிறுதோறும் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். வேலை அங்கேதான் வந்தது. "அண்ணா, 'ஐ' ஒருமை, 'வேர்' பன்மை. 'இஃப் ஐ வேர் எ பேர்ட்' என்று புத்தகத்தில் தப்பாகப் போட்டிருக்கிறதே?" என்றாள் தமிழ்ச் சிறுமி ஒருத்தி. "அது அப்படித்தான், மனப்பாடம் செய்" என்று சொல்லிவிட்டேன். எனக்குச் சொல்லப்பட்டதும் அதுவே. ஆயினும் விடுதி திரும்பும்வரை அந்த விடை உறுத்திற்று.

உண்மையில் அந்த 'வேர்' பன்மையே அன்று. நடந்ததைச் சொல்ல ஒரு வடிவும், நடவாததை எண்ணவும் விரும்பவும் வேறொரு வடிவும் பழைய ஆங்கிலத்தில் இருந்தன. பின்னதே 'சப்ஜங்டிவ்'. அது சாகுந் தறுவாயில் உள்ளதென ஃபௌலர் 1926-இல் தம் நூலில் எழுதினார். எஞ்சியவற்றுள் ஒன்று இந்த 'வேர்'.

மற்றொன்று "காட் சேவ் த கிங்". 'சேவ்ஸ்' என வரவேண்டிய இடத்தில் 'எஸ்' எங்கே? இதற்கு நம் வீட்டிலேயே விடை உண்டு. வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் ஆகிய பொருள்களில் வரும் வியங்கோள், ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொது என்பது நன்னூலார் கொள்கை. நீ வாழ்க, அவன் வாழ்க, அவை வாழ்க: சொல் மாறுவதில்லை. "ஐ சஜெஸ்ட் தட் ஹி கோ" என்பதும் 'அவன் செல்க' என்பது போன்றதே. வினாத்தாளில் வரும் 'நிறுவுக' என்பதும் வியங்கோள்தான்; நம்மில் பலர் அஞ்சும் வியங்கோள்!

'இஃப்' வரும் இடத்தில் வியங்கோள் உதவாது. அங்கே வேறு வழி. 'நாளை வந்தால்' என்கிறோம். 'நேற்று வந்தான்' என்பதிலுள்ள அதே 'ந்த்' அதிலும் இருக்கிறது. நாளைக்கு ஏன் நேற்றைய உருவம் என்று நாம் கேட்பதில்லை. ஆனால் 'நான் ஆசிரியனானால்', 'நான் பறவையானால்' என்னும் இரண்டும் தமிழில் ஒரே அச்சு. ஆகக்கூடியது எது, ஆகாதது எது என்பதை வினை காட்டாது. நம் பிள்ளைகள் "இஃப் ஐ ஆம் எ பேர்ட்" என்று எழுதுவது இதனாலேயே என்பது என் கருத்து. கவனக்குறைவு என்று அடிப்பதில் பயனில்லை.

இதை விளக்கிக்கொண்டிருக்கையில் மராத்திச் சிறுவன் குறுக்கிட்டான்: "மீ பக்ஷீ அஸ்தோ தர்!" அவர்கள் பள்ளிக் கட்டுரைத் தலைப்புகளில் அது ஒன்று. மராத்தி இலக்கணத்தில் இதற்குச் 'சங்கேதார்த்தம்' என்று பெயரே உண்டு. ஆசிரியர் வேலையில் பாதியை அவனே செய்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு ஆளுக்கு ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். சிறுமி "இஃப் ஐ வேர் எ டாக்டர்" என்று தொடங்கி, பேனாவை நிறுத்தி, "இப்படி எழுதினால் நான் டாக்டர் ஆகவே மாட்டேன் என்றா அர்த்தம்?" என்று கேட்டாள். "இல்லையம்மா. இன்று நீ டாக்டர் இல்லை, அவ்வளவே. ஆவது உறுதியென்றால் 'வென் ஐ பிகம்' என்று எழுதலாம்" என்றேன். முன்னதை அடித்துவிட்டு, பின்னதை எழுதினாள்.