ஹெல்மெட், கூலிங் கிளாஸ், தஞ்சாவூர் ரோடு

சைக்கிள் வாங்குவதைப் பற்றிப் போன எபிசோடில் பேசினோம் இல்லையா, அதற்கு வந்த ஒரு கேள்விதான் இன்றைக்கு முழு எபிசோட். துவாக்குடியில் படிக்கிற ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, வீட்ல அப்பாவோட பைக் ஹெல்மெட் சும்மா கிடக்கு. சைக்கிளுக்கு அதையே போட்டுக்கலாமா?"

போடலாம். ஒரு வாரம் போடுவீங்க. திருச்சி வெயிலில் அதற்கு அப்புறம் அது ஹேண்டில்பாரில்தான் தொங்கும். ஐஎஸ்ஐ முத்திரையோடு வரும் ஐஎஸ் 4151 ஹெல்மெட் மோட்டார் வண்டிக்காகச் செய்தது. கனம் ஒரு கிலோவை ஒட்டி வரும், காற்று போக வழி குறைவு. அதைவிட முக்கியமானது, அது காதை மூடிவிடும். சைக்கிளில் பெரும்பாலும் பின்னால் பார்க்கிற கண்ணாடி கிடையாது. பின்னால் வருவது பஸ்ஸா, டிப்பரா என்று காதுதான் சொல்லும். சைக்கிள் ஹெல்மெட் 250, 300 கிராம்தான் இருக்கும், காதும் திறந்திருக்கும்.

சட்டம் கேட்கிறதா? இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆவது பிரிவு மோட்டார் சைக்கிளுக்குத்தான். சைக்கிளுக்கு போலீஸ் பிடிக்க மாட்டார்கள். ஆக, இது முழுக்க நம்ம முடிவு. அதனால்தான் கணக்கு தெரிந்து முடிவெடுக்கணும்.

கணக்கு ரொம்ப ஈசி. விழுகிற உயரத்தை, தலை நிற்பதற்குக் கிடைக்கிற தூரத்தால் வகுங்க. புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு அடி என்பது வந்துவிடும். உயரம் 2 மீட்டர், அதாவது 2000 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வெறும் தலை தார் ரோட்டில் 4 மில்லிமீட்டரில் நின்றால் 500 மடங்கு. நடுவில் 20 மில்லிமீட்டர் நசுங்குகிற பொருள் ஒன்று இருந்தால் 100 மடங்கு. அவ்வளவுதான் ஹெல்மெட். அந்த நசுங்குகிற பொருள் நம்ம ஊர் தெர்மாகோலின் கெட்டியான அண்ணன். இது காகிதக் கணக்கு. நிஜத்தில் அது சீராக நசுங்காது, எண் கூடத்தான் வரும். அமெரிக்காவின் சிபிஎஸ்சி தரத்தில் 2 மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்பில் போட்டுப் பார்ப்பார்கள், 300 மடங்கைத் தாண்டக் கூடாது. ஐரோப்பாவின் இஎன் 1078இல் 1.5 மீட்டர், 250 மடங்கு.

இந்த 2 மீட்டரை ஞாபகம் வெச்சுக்கோங்க. அது கிட்டத்தட்ட நம் தலை சைக்கிளிலிருந்து தரைக்கு வரும் உயரம். மணலில் சறுக்கினாலும், நாய் குறுக்கே ஓடினாலும், பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கினாலும் இந்த ஹெல்மெட் தன் வேலையைச் செய்யும். அறுபதில் வருகிற லாரிக்கு இது பதில் இல்லை. அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

கடையில் முதலில் ஹெல்மெட்டைத் திருப்பி உள்ளே பாருங்க. கெட்டித் தெர்மாகோல் இல்லாமல் ஸ்பாஞ்ச் மட்டும் இருந்தால் அது தொப்பி. உள்ளே ஸ்டிக்கரில் இஎன் 1078 அல்லது சிபிஎஸ்சி என்று இருக்கணும். மிப்ஸ் என்று மஞ்சள் முத்திரை இருந்தால், உள்ளே நழுவுகிற ஒரு லேயர் இருக்கிறது என்று அர்த்தம். தலை சாய்வாக மோதும்போது மூளை திருகப்படுவதைக் குறைக்க ஸ்வீடனில் கண்டுபிடித்தது. பட்ஜெட் இருந்தால் வாங்கலாம். ஆனால் விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் 2018லிருந்து சைக்கிள் ஹெல்மெட்டுகளுக்கு ஸ்டார் கொடுக்கிறது. அதில் விலை குறைந்த சிலதும் முழு ஸ்டார் வாங்கியிருக்கு. பெரிய விலையில் பாதி, எடையைக் குறைத்ததற்கும் காற்றோட்டத்துக்கும் போகிறது.

விலையைவிட ஃபிட்தான் பெரிசு. புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடம், அவ்வளவுதான். நெற்றி முழுக்கத் தெரிகிற மாதிரி பின்னால் தள்ளிப் போட்டால் முதலில் தரையைத் தொடுவது நெற்றி. வார் காதுக்குக் கீழே 'வி' மாதிரி சேரணும். தாடைக்கடியில் ஒரு விரல் போகலாம், முஷ்டி போகக் கூடாது. கொண்டை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: உயரமான கொண்டை ஹெல்மெட்டைத் தூக்கிவிடும், கழுத்தை ஒட்டின தளர்ந்த ஜடைதான் சரி.

என் முதல் ஹெல்மெட்டோடு திருவெறும்பூர் தாண்டி ரோட்டோர மணலில் சறுக்கி விழுந்தேன். வெளியே ஒரு கீறல்தான். இரண்டு மாதம் கழித்துக் கழுவும்போதுதான் பார்க்கிறேன், உள்ளே தெர்மாகோல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை விரிந்திருக்கு. இரண்டு மாதமும் நான் போட்டிருந்தது வெறும் ஓடு. நசுங்கினது திரும்ப எழும்பாது. ஒரு அடி வாங்கினால் அதோட வாழ்க்கை முடிஞ்சது. செகண்ட் ஹாண்ட் வாங்காதீங்க என்பதும் அதனால்தான்.

சரி, கூலிங் கிளாஸ். இதை ஸ்டைல் என்று நினைக்கிறவர்கள் காலையில் திருச்சியிலிருந்து துவாக்குடி பக்கம் ஒரு தடவை மிதித்துப் பாருங்க. ரோடு கிழக்கே போகிறது; திருவெறும்பூர் தாண்டினதும் தென்கிழக்காகத் திரும்புகிறது. டிசம்பர், ஜனவரியில் சூரியனும் தென்கிழக்கில்தான் உதிக்கும். எறும்பீஸ்வரர் மலையைத் தாண்டினால் நேராகக் கண்ணுக்குள் அடிக்கிறது. சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது மறையும் வெயிலும் முகத்தில். அங்கே ஒரு பள்ளத்தை அரை செகண்ட் தாமதமாகப் பார்த்தால், மேலே சொன்ன கணக்கெல்லாம் ஆரம்பமாகிவிடும்.

யுவி 400 என்று இருப்பதைத்தான் வாங்கணும். கருப்பு வேறு, யுவி தடுப்பு வேறு. தடுப்பில்லாத கருப்புக் கண்ணாடி போட்டால் இருட்டு என்று நினைத்துக் கண்மணி விரியும், யுவி தாராளமாக உள்ளே போகும். வெயிலும் தூசியும் காற்றும் சேர்ந்தால் கண்ணில் சதை வளர்வதும் உண்டு. சந்தேகம் இருந்தால் கண்ணாடிக் கடையில் கொடுங்க, நிறைய கடைகளில் யுவி மீட்டர் இருக்கு. லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருக்கட்டும். டிப்பரிலிருந்து தெறிக்கும் ஜல்லிக்குக் கண்ணாடி லென்ஸ் ஆகாது. பக்கவாட்டை மூடும் வளைந்த ஃபிரேம் நல்லது. இருட்டினதும் கருப்பைக் கழற்றிவிட்டு வெள்ளை லென்ஸ் போடுங்க, சாயங்காலப் பூச்சிக்கு அதுவும் வேண்டும். வாங்கப் போகும்போது ஹெல்மெட்டைக் கையோடு கொண்டு போங்க. இரண்டும் இடித்துக்கொண்டால் இரண்டில் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள்.

இப்போது அந்த லாரி. காலையில் உங்கள் கண்ணில் அடிக்கிற அதே சூரியன், பின்னால் வருகிற டிரைவர் கண்ணிலும் அடிக்கிறது. உங்களிடம் கூலிங் கிளாஸ் இருக்கு, அவரிடம் இல்லாமல் இருக்கலாம். அந்த ஒளியில் கருப்பு டி-சர்ட், கருப்பு ஹெல்மெட் என்றால் நீங்கள் ஒரு நிழல்தான். அதனால் ஹெல்மெட்டை வெள்ளையிலோ பளிச் மஞ்சளிலோ எடுங்க. பின்னால் மினுக்குகிற சிவப்பு லைட்டைப் பகலிலும் போட்டு வையுங்க. நான் குளிர்காலத்தில் இன்னொன்றும் செய்கிறேன்: சூரியன் மரத்துக்கு மேலே ஏறுகிற வரைக்கும் இருபது நிமிஷம் டீக்கடையில் உட்கார்ந்துவிடுவேன்.