ஒரே பட்டன்... எறும்பு சைஸ் வீரர்கள்! 'சென்சிபிள் சாக்கர்' ஜெயித்தது எப்படி?

இன்றைய கால்பந்து கேம்களில் வீரரின் வியர்வைகூடத் தெரியும். பிரிட்டனின் சென்சிபிள் சாஃப்ட்வேர் உருவாக்கி 1992-ல் வெளியான 'சென்சிபிள் சாக்கர்' கேமில் முகமே தெரியாது. வீரர்கள் எறும்பு சைஸ்தான்!

அதுதான் அதன் பலம். மேலிருந்து பார்க்கும் கோணம் என்பதால், யாருக்கு பாஸ் கொடுக்கலாம்னு சட்டென்று புரியும்.

அமிகா கம்ப்யூட்டரில் ஒரு ஜாய்ஸ்டிக், ஒரே பட்டன். தட்டினால் பாஸ், அழுத்திப் பிடித்தால் ஷாட். உதைத்த கையோடு ஜாய்ஸ்டிக்கைத் திருப்பினால் பந்து காற்றில் வளையும். இதன் பெயர் 'ஆஃப்டர்டச்'. கொஞ்சம் லேட்டானாலும் வளைவு போச்சு! டைமிங்தான் எல்லாமே.

பிறகு மெகா டிரைவ், சூப்பர் நின்டென்டோ கன்சோல்களுக்கும் வந்தது. 1994-ல் வந்த அடுத்த கேமான 'சென்சிபிள் வேர்ல்டு ஆஃப் சாக்கர்', வரலாற்றில் முக்கியமான 10 வீடியோ கேம்கள் என அமெரிக்காவில் 2007-ல் ஒரு நிபுணர் குழு அறிவித்த பட்டியலில் இடம்பிடித்தது. அதிலிருந்த ஒரே ஸ்போர்ட்ஸ் கேம் இதுதான்!