உயிர்த்த ஞாயிறன்று வந்த விமானங்கள்

1942-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சென்னை மாநகரை விட்டு இலட்சக்கணக்கான மக்கள் உள்நாட்டிற்கு ஓடினார்கள். அரசாங்க அலுவலகங்கள் பல இடம் பெயர்ந்தன. குண்டு விழுந்து கூண்டுகள் உடைந்துவிடுமோ என்று அஞ்சி, மிருகக்காட்சிச் சாலையிலிருந்த கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். இரயிலேறி வந்தவர்களுக்கு வட ஆற்காட்டுச் சிற்றூர்களும் புகலிடமாயின. நமது கண்ணமங்கலத்துக்கு அப்பால், வேலூர்ச் சாலையில் கணியம்பாடிப் பக்கம் உள்ள கம்மவான்பேட்டையை ‘இராணுவப்பேட்டை’ என்றே மக்கள் அழைப்பர். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு அனுப்பிய மண் இது. ஆகவே, ‘ஜப்பான்காரன் வருகிறான்’ என்பது இப்பகுதிக் குடும்பங்களுக்கு வெறும் பத்திரிகைச் செய்தியாக இருந்திருக்க முடியாது.

ஆனால் வந்த ஜப்பான்காரன் யார்? அவனுக்குப் பெயர் உண்டா, ஊர் உண்டா, அவன் எங்கே படித்தான், பின்னர் என்ன ஆனான்? இக்கேள்விகளை நம்மில் எவரும் அதிகமாகக் கேட்டதில்லை.

அவ்வாண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் உயிர்த்த ஞாயிறு. காலைப் பூசை வேளையில் கொழும்பு நகரின் மீது ஜப்பானிய விமானங்கள் நூற்றுக்கு மேல் பறந்து வந்தன. துறைமுகத்தைத் தாக்கின. அங்கொடையிலிருந்த மனநோயாளர் மருத்துவமனையின் மீதும் குண்டுகள் விழுந்து நோயாளிகள் மாண்டனர். அன்று நண்பகலுக்குப் பின் இலங்கைக்குத் தென்மேற்கே ‘கார்ன்வால்’, ‘டார்செட்ஷயர்’ என்னும் இரு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மூழ்கின. 424 பேர் இறந்தனர். மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டு வீச்சுக்கு இலக்காயின. 9-ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு எதிரே ‘ஹெர்மீஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் முந்நூறுக்கு மேற்பட்டவர்களோடு கடலுள் ஆழ்ந்தது.

கொழும்பைத் தாக்கிய படைக்குத் தலைவர் நகுமோ சூயிச்சி. 1887-இல் யொனெசாவாவில் பிறந்து, கடற்படைக் கல்லூரியில் 36-ஆம் வகுப்பினராக 1908-இல் தேறியவர். அவர் கற்றுத் தேர்ந்த கலை டார்ப்பீடோப் போர், விமானம் அன்று. அப்படிப்பட்டவரிடம் 1941-இல் ஜப்பானின் தலைசிறந்த விமானந்தாங்கிப் படையை ஏன் ஒப்படைத்தார்கள்? விடை கல்லூரிப் பட்டியலில் இருக்கிறது. எத்தனாவது வகுப்பு, அவ்வகுப்பில் எத்தனாவது இடம் என்னும் இரண்டு எண்களும் ஜப்பானியக் கடற்படை அதிகாரியை வாழ்நாள் முழுவதும் நிழல் போல் தொடர்ந்தன. பதவி உயர்வு பெரும்பாலும் அந்த வரிசைப்படியே வரும். நகுமோவின் முறை வந்தது, பதவியும் வந்தது. நம் நாட்டு அரசாங்க அலுவலகங்களில் பணி மூப்புப் பட்டியலோடு போராடியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இத்தகைய அதிகாரிகளின் வாழ்வை ஆராய்வோர்க்குப் பெருந்தடை ஒன்று உண்டு. 1945 ஆகஸ்டில் ஜப்பான் பணிந்ததும், அமெரிக்கர் வந்து இறங்குவதற்கு முன், இராணுவ ஆவணங்கள் குவியல் குவியலாக எரிக்கப்பட்டன. தப்பியவை வாஷிங்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டு 1958-இல் திருப்பித் தரப்பட்டன. அவற்றையும், எஞ்சியிருந்தவர்களின் நாட்குறிப்புகளையும் வாக்குமூலங்களையும் கொண்டு 1966 முதல் 1980 வரை 102 தொகுதிகளாக அரசாங்கப் போர் வரலாறு எழுதப்பட்டது. அதில் வங்காள விரிகுடா நடவடிக்கைகளைக் கூறும் தொகுதி 2018-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது.

இன்னொரு தொல்லை, பெயர்த் தொல்லை. பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டியவர்கள் அறிவார்கள்: ஒரே ஆண்டில் நான்கு அந்தோணிசாமிகள் இருப்பார்கள், தந்தை பெயரையும் ஊரையும் பார்த்தே பிரிக்க வேண்டும். கொழும்புத் தாக்குதலில் இரண்டு கப்பல்களுக்குத் தலைவராக வந்தவர் ஹாரா சூயிச்சி. போர் முடிவில் அந்தமானில் கடற்படைத் தளபதியாக இருந்தவர் ஹாரா தெய்சோ. நாசகாரிக் கப்பல் தலைவராயிருந்து, பின்னர் நினைவுக்குறிப்பு எழுதிப் புகழ் பெற்றவர் ஹாரா தமெய்ச்சி. முதலாமவர் குவாம் தீவில் நடந்த போர்க்குற்ற விசாரணையில் சிறைத் தண்டனை பெற்றார். இரண்டாமவருக்குச் சிங்கப்பூரில் 1946-இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. மூன்றாமவர் தண்டனை எதுவுமின்றி முதுமை வரை வாழ்ந்தார். பெயரில் சிறிது தவறினாலும் ஒருவர் செய்த குற்றம் மற்றொருவர் தலையில் ஏறிவிடும்.

யாமாமோத்தோ என்றாலும் இதே குழப்பம். உலகம் அறிந்தவர் பேர்ள் துறைமுகத் தாக்குதலைத் திட்டமிட்ட இசொரொக்கு. நமக்கு அக்கறையுள்ள இன்னொருவர், யாமாமோத்தோ ஷின்ஜிரோ. தோக்கியோவில் மரியாயின் சபைத் துறவியர் நடத்திய பள்ளியில் பயின்று, இளமையில் கத்தோலிக்கரானவர். 1905-இல் ருஷியக் கடற்படையுடன் நடந்த போரில் பங்கு கொண்டவர். 1921-இல் பட்டத்து இளவரசர் ஹிரோஹித்தோ ஐரோப்பாவுக்குச் சென்று பாப்பரசர் 15-ஆம் ஆசீர்வாதப்பரைச் சந்தித்தபோது உடன் சென்றவர். கொழும்பில் குண்டு விழுவதற்குச் சில வாரங்களுக்கு முன், 1942 பெப்ருவரியில், அவர் காலமானார்.

இனி, நம்மவர் பலர் கேள்விப்பட்டிருக்கக்கூடிய பெயருக்கு வருவோம்: புச்சிதா மித்சுவோ. பேர்ள் துறைமுகத்திலும் கொழும்பிலும் விமானங்களை வழிநடத்தியவர் இவரே. போருக்குப் பின், ஜப்பானியச் சிறையில் வாடிய அமெரிக்க விமானப்படை வீரர் ஜேக்கப் டிஷேசரின் துண்டுப் பிரசுரம் அவர் கைக்கு வந்தது. 1950-ஆம் ஆண்டளவில் அவர் புரொட்டஸ்தாந்து கிறிஸ்தவரானார், பின்னர் நாடு நாடாகச் சென்று நற்செய்தி கூறினார், 1976-இல் மறைந்தார்.

அவர் எழுதிய போர் வரலாற்றை உலகம் நெடுங்காலம் நம்பியது. 1942 ஜூனில் மிட்வே போரில், ஜப்பானியக் கப்பல் தளங்களில் விமானங்கள் ஐந்தே நிமிடத்தில் புறப்படவிருந்த வேளையில் அமெரிக்கர் தாக்கினர் என்று அவர் எழுதினார். ஜப்பானிய அரசாங்க வரலாறும், அதையும் கப்பல்களின் பதிவுகளையும் ஆராய்ந்து 2005-இல் இரு அமெரிக்கர் எழுதிய நூலும் அது அவ்வாறில்லை என்று காட்டின. சரணாகதி ஒப்பந்தம் கையொப்பமானபோது ‘மிசௌரி’ கப்பலில் தாம் இருந்ததாக அவர் சொன்னதும் நிலைக்கவில்லை. அவருடைய மனமாற்றமும் பொய்தானா என்று சிலர் கேட்கிறார்கள். அது வேறு வழக்கு என்பதே என் கருத்து. மனந்திரும்பியவன் சொல்வதாலேயே போர்க்களத்துக் கணக்கு மெய்யாகிவிடாது; அந்தக் கணக்கு தவறாயிற்று என்பதாலேயே அவன் கண்ணீரும் பொய்யாகிவிடாது.

நகுமோவுக்கு அத்தகைய பிற்காலம் கிட்டவில்லை. கொழும்புக்கு விமானம் அனுப்பிய ஐந்து கப்பல்களில் மூன்று, இரண்டே மாதத்தில் மிட்வேயில் மூழ்கின. அவரும் 1944 ஜூலையில் சைப்பான் தீவில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார்.

இந்த ஆராய்ச்சியால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் அந்தமானை நோக்க வேண்டும். 1942 மார்ச் 23 முதல் 1945 அக்டோபர் வரை அத்தீவுகளை ஆண்டது ஜப்பானியக் கடற்படை. 1943 டிசம்பரில் நேதாஜி அங்கே சென்றார். ஆசாத் ஹிந்த் அரசின் சார்பில் தலைமை ஆணையராக அனுப்பப்பட்டவர் ஒரு தமிழர்: மருத்துவரும் படை அதிகாரியுமான ஆற்காடு துரைசாமி லோகநாதன். அவர் பெயர் பெரிது; அதிகாரமோ சிறிது. போலீசைக் கடற்படையினர் கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை. கல்வித்துறை போன்றவையே அவரிடம் வந்தன. அவர் பதவியேற்கு முன்பே, 1944 ஜனவரியில், டாக்டர் திவான் சிங் சிறையில் சித்திரவதையால் மாண்டார். அம்மாதம் 30-ஆம் நாள் ஹம்ப்ரேகஞ்சில் நாற்பதுக்கு மேற்பட்ட இந்தியர்கள், ஒற்றர்கள் என்ற பழி சுமத்தப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர். அங்கே இன்று நினைவுச் சின்னம் ஒன்று நிற்கிறது. அந்த ஜனவரியில் போர்ட் பிளேரில் ஆணையிடும் நாற்காலியில் அமர்ந்திருந்தவர் யார், அவர் எந்த நாளில் வந்தார், எந்த நாளில் மாற்றப்பட்டார் என்பவற்றை, தீயினின்று தப்பிய அதிகாரிகளின் பணிப்பதிவுகளிலேதான் தேட வேண்டியிருக்கிறது.