ஒலிப்பதிவு வகுப்பில் எதை முதலில் கற்பிப்பது?

ஒலிப்பதிவு கற்க வரும் மாணவரைக் கணினித் திரையின் முன் அமர்த்தி, மென்பொருளைப் பழக்குவதிலிருந்து பாடத்தைத் தொடங்கினால் கைவேலை விரைவில் பிடிபடும். ஆனால், பதிவாகும் ஊடகம் எதுவோ அதற்கேற்பவே கருவியும் முறையும் அமைகின்றன என்னும் அடிப்படை அவருக்குப் புலப்படாமலே போகும். அதைக் காட்டுவதற்கு மிகப் பழைய முறையே ஏற்ற தொடக்கமாகும்.

1877-இல் எடிசன் ஆக்கிய போனோகிராப், உருளையில் சுற்றிய மெல்லிய உலோகத் தாளில் ஒலியதிர்வுகளை ஊசியால் பள்ளமும் மேடுமாகப் பதித்தது. பத்தாண்டுகளுக்குப் பின் எமில் பெர்லினரின் கிராமபோன், உருளைக்கு மாற்றாகத் தட்டைக் கொண்டுவந்து, ஒரே அச்சிலிருந்து பல படிகளை எடுக்க வழிசெய்தது. 1925-ஐ ஒட்டி மின்முறைப் பதிவு வரும்வரை, பாடகர் ஒரு கூம்பின் அகன்ற வாயருகே நின்று உரக்கப் பாட, அதன் குறுகிய முனையிலிருந்த மெல்லிய தகடு அதிர்ந்து ஊசியை அசைத்தது. ஒவ்வொரு கருவியின் ஒலியையும் தனித்தனியே கூட்டவோ குறைக்கவோ இயலாத நிலையில், உரத்த கருவிகளைத் தள்ளியும் மெல்லியவற்றை நெருக்கியும் நிறுத்துவதே சமநிலை காணும் வழியாக இருந்தது. வயலினின் ஒலி போதாதபோது, மரப்பெட்டிக்குப் பதில் உலோகக் கூம்பு பொருத்திய ஸ்ட்ரோ வயலினைப் பயன்படுத்தினர். ஊடகம் இசையின் நீளத்தையும் வரையறுத்தது: நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டின் ஒரு பக்கம் பெரும்பாலும் மூன்று, நான்கு நிமிடங்களிலேயே முடிந்துவிட்டதால், கச்சேரியில் நெடுநேரம் விரியும் ராக ஆலாபனை இசைத்தட்டில் சில நிமிடங்களுக்குள் சுருங்கியது.

இன்றைய வகுப்பிலும் இதே கட்டுப்பாட்டை வேண்டுமென்றே விதிக்கலாம். பாடகருக்கும் மிருதங்கத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு மைக்கை வைத்து, இடமாற்றத்தால் மட்டும் சமநிலை காணச் சொல்வது, எந்த மென்பொருளும் கற்றுத்தராத பயிற்சியாகும். திறந்தவெளியில் தொலைவு இருமடங்கானால் ஒலிமட்டம் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும் என்பது ஏட்டுக் கணக்கு. அறைக்குள்ளோ சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்வதால் அக்குறைவு மட்டுப்படுவதோடு, குரலின் தன்மையும் மாறுவதை மாணவர் காதாலேயே உணர்வார்.

1935-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் காட்டப்பட்ட மேக்னட்டோபோன், காந்தத் துகள் பூசிய நாடாவில் பதிவு செய்தது. நாடாவை வெட்டி ஒட்டலாம், அழித்து மீண்டும் பதியலாம் என்பதால் படத்தொகுப்பைப் போன்றே ஒலித்தொகுப்பும் தனிக்கலையாயிற்று. ஒலி அளவு மீறும்போது நாடா படிப்படியாகவே திரிபடையும் என்பதால், சற்று மிகையான மட்டத்தில் பதிவதும் அக்காலத்தில் குற்றமாகக் கருதப்படவில்லை.

இலக்கமுறைக்கு அந்தப் பொறுமை கிடையாது. 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டில் ஒலியலையின் உயரம் விநாடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக எழுதப்படுகிறது. மனிதச் செவி எட்டும் 20,000 ஹெர்ட்ஸ் அதிர்வைப் பதிய, அதைப் போல் இருமடங்குக்கும் மேற்பட்ட அளவீடுகள் தேவை. எண்ணின் உச்சவரம்பைத் தாண்டும் அலையின் முகடு அப்படியே வெட்டுப்பட்டுக் கரகரப்பாகிவிடும், பின்னர் அதை முழுமையாகச் சீராக்கவும் இயலாது. ஆகவே, நாடாக் காலப் பழக்கத்தைக் கைவிட்டு, 24 பிட் பதிவில் முகடுகள் உச்சவரம்புக்குப் பல டெசிபல் கீழேயே நிற்குமாறு மட்டத்தை அமைக்க மாணவரைப் பழக்க வேண்டும்.